நாளைக்கு ஆர் வெல்லுவினம்?

ஊர்ச் சுற்றுப்போட்டியின் இறுதியாட்டத்துக்கு முந்திய இரவில் எங்கள் தீவின் நாரந்தனையில் உலாவும் கேள்வி ஒன்றுதான். தேத்தண்ணிக் கடை வாங்கிலிலும் அதுதான், கோயில் வீதி மதகிலும் அதுதான். மைதானத்துக்குக் கோடு போட்டுவிட்டு, கையில் சுண்ணாம்பு காயாமல் நிற்கும் பொடியளிடமும் அதையே கேட்பார்கள்: "நாளைக்கு ஆர் வெல்லுவினம்?"

நான் சிறுவனாக இருந்த காலத்தில் இந்தக் கேள்வியோடு நாங்கள் போய் நிற்பது ஒரு கடற்றொழிலாளியிடம். ஊருக்கே அவர் அப்பு. தன் காலத்தில் பின்கள ஆட்டக்காரராக விளையாடியவர். முழங்கால் போன பிறகு பனங்குற்றியில் குந்தியிருந்து ஆட்டம் பார்ப்பார். நேரே பதில் சொன்னதை நான் கண்டதில்லை. திருப்பிக் கேள்விதான் கேட்பார்.

"எத்தினை மணிக்கு மெச்?"

"நாலுக்கு, அப்பு."

"அப்ப ரெண்டாம் பாதி அஞ்சுக்குப் போகும். வெய்யில் எந்தக் கீப்பற்ர கண்ணில விழும்?"

நாங்கள் யோசிப்போம். மேற்கே பார்த்து நிற்கும் கோல்காப்பாளருக்குக் கடைசி இருபது நிமிடம் பந்து கறுப்புப் புள்ளியாகத்தான் தெரியும். அடுத்த கேள்வி காற்றைப் பற்றியது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகம் தீவுக்குக் குறுக்கே இழுத்து அடிக்கும். மறிக்க மலை இல்லை, காடு இல்லை. உயர்த்தி அடித்த பந்து காற்றோடு போனால் கோலைத் தாண்டி வடலிக்குள் விழும், காற்றுக்கு எதிரே போனால் அடித்தவனின் தலைக்கு மேலேயே திரும்பி வரும். நாணயச் சுழற்சியில் வென்றவன் முதலில் காற்றை எடுப்பானா, விடுவானா? எடுத்தால் இடைவேளைக்கு முன் இரண்டு கோல் போட்டாக வேண்டும். ஒன்று காணாது.

கடைசிக் கேள்வியை அவர் குரலைத் தாழ்த்திக் கேட்பார். "உந்த நடுவில விளையாடுறவன் இண்டைக்கு இரவு தொழிலுக்குப் போறானோ?"

இந்தக் கேள்விக்கு நிகரான ஒன்றை எந்தப் புள்ளிவிபரப் புத்தகத்திலும் நான் பின்னர் கண்டதில்லை. எங்கள் கரையோர அணிகளில் விளையாடும் பாதிப் பேர் இரவு வலை வளைத்து விடிய வருபவர்கள். கடலுக்குப் போய்வந்த காலுக்கு முதல் அரைமணித்தியாலம் ஒன்றும் தெரியாது. ஐந்து மணிக்குப் பிறகுதான் அது கனக்கத் தொடங்கும். அப்புவுக்கு யார் போகிறான், யார் நிற்கிறான், யாருடைய வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் தெரியும். இத்தனையும் கேட்டறிந்த பிறகு, "பாப்பம்" என்பார். அதுதான் அவருடைய ஆருடம்.

அவருடைய மனக்கணக்குப் பிழைத்த நாள்களும் உண்டு. பிழைத்த அன்று இருட்டும் வரை பனங்குற்றியை விட்டு எழும்ப மாட்டார். எந்த இடத்தில் ஆட்டம் திரும்பியது என்று ஒவ்வொருவரையும் மறித்துக் கேட்பார். கடலை நம்பிப் பிழைத்த ஊர்களின் பழக்கம் இது. ஊர்காவற்றுறை பாய்மரத் தோணிகளின் துறைமுகமாக இருந்த காலத்திலிருந்தே வாடை எப்போது விழும், சோளகம் எப்போது தணியும், கச்சான் திரும்புமா என்று முன்கூட்டிச் சொல்வது இந்தத் தீவில் உயிர்ப் பிரச்சினை. சொன்னது பிழைத்தால் திரும்பி வராத தோணியே அதற்குச் சாட்சி. ஆகவே சொல்பவன் பார்த்துச் சொன்னான், பிழைத்தால் காரணம் தேடினான். அதே கண்ணைத்தான் எங்கள் ஆட்கள் மைதானத்துக்கும் கொண்டுவந்தார்கள்.

உலகம் இதற்கு வேறொரு வழியில் போனது. அந்த வழியின் கதையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். இன்று அது எங்கள் பொடியளின் கைத்தொலைபேசி வரை வந்துவிட்டது.

1923இல் லிவர்பூலில் ஜோன் மூர்ஸ் என்ற இளைஞர் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து லிற்றில்வூட்ஸ் என்ற பெயரில் ஒரு பந்தயத் தொழிலைத் தொடங்கினார். வாரத்து ஆட்டங்களின் முடிவுகளை முன்கூட்டிக் குறித்து அனுப்பும் சீட்டு அது. மன்செஸ்டர் யுனைட்டட் மைதானத்துக்கு வெளியே 4,000 சீட்டுகளைக் கொடுத்தார்கள். நிரப்பித் திரும்பி வந்தவை 35. நண்பர்கள் கைவிட்டார்கள், மூர்ஸ் விடவில்லை. சில ஆண்டுகளில் பெரும் செல்வந்தரானார். பிரித்தானியாவின் தொழிலாளர் வீடுகளில் வாராவாரம் மேசையில் இருந்து சீட்டு நிரப்புவது ஒரு வழக்கமாயிற்று. தாங்கள் ஒருநாளும் கண்டிராத ஊர்களின், கண்டிராத ஆட்டக்காரர்களின் முடிவை இலட்சக்கணக்கானோர் சொல்லத் தொடங்கியது அங்கேதான்.

அடுத்த படி 1950. மார்ச் 18ஆம் திகதி சுவிண்டன் நகரில் ஓர் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்த சார்ள்ஸ் றீப் என்ற விமானப்படைக் கணக்கதிகாரி, இரண்டாம் பாதியில் குறிப்புப் புத்தகத்தை எடுத்து, தாக்குதல் ஒவ்வொன்றையும் எழுதத் தொடங்கினார். பின்னர் ஆயிரக்கணக்கான ஆட்டங்களை அப்படியே எழுதினார். பெரும்பாலான கோல்கள் மூன்று பரிமாற்றத்துக்குள் விழுகின்றன, ஆகவே பந்தைத் தூக்கி முன்னே அடியுங்கள் என்பது அவருடைய முடிவு. இங்கிலாந்தின் பயிற்றுநர்கள் பலர் நெடுங்காலம் அதை வேதமாக எடுத்துக்கொண்டார்கள். அவர் கவனிக்கத் தவறியது எளிய ஒன்று. ஆட்டத்தில் பந்து ஓர் அணியின் காலில் நிற்கும் தடவைகளில் மிகப் பெரும்பாலானவை மூன்று பரிமாற்றத்துக்குள்ளேயே முடிந்துவிடும். கோலும் அங்கேதான் கூடுதலாக விழும். எண்ணியவர் சரியாக எண்ணினார், எண்ணியதன் பொருளைப் பிழையாக விளங்கிக்கொண்டார்.

அதே 1950, யூலை 16. ரியோ டி ஜெனிரோவின் மரக்கானா அரங்கு. உலகக் கிண்ணத்தைத் தீர்மானிக்கும் ஆட்டம். பிரேசிலுக்குச் சமநிலையே போதும். முந்திய இரண்டு ஆட்டங்களில் சுவீடனை 7-1 என்றும் ஸ்பெயினை 6-1 என்றும் வென்று வந்த அணி அது. உருகுவே, ஸ்பெயினோடு சமநிலை கண்டு, சுவீடனை ஒரே ஒரு கோலால் வென்று வந்திருந்தது. ஆட்டம் தொடங்க முன்னரே ரியோவின் நாளிதழ் ஒன்று பிரேசில் அணியின் படத்தைப் போட்டு, உலகச் சம்பியன்கள் இவர்கள்தான் என்று எழுதியது. இரண்டாம் பாதித் தொடக்கத்தில் பிரேசில் கோல் போட்டது. பிறகு ஸ்கியாபினோ ஒன்று, 79ஆவது நிமிடத்தில் கிஜ்ஜியா ஒன்று. உருகுவே 2-1. ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் இருந்த அரங்கில் ஒரு சத்தமில்லை என்று அங்கே இருந்தவர்கள் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். உருகுவேயின் அன்றைய மக்கள்தொகை முப்பது இலட்சத்தையும் எட்டவில்லை.

பின்னர் கணிதம் வந்தது. 1982இல் மேகர், 1997இல் லங்காஸ்ரர் பல்கலைக்கழகத்தின் டிக்சனும் கோல்சும் எழுதிய ஆய்வுகள் இன்றைய கணிப்பு இயந்திரங்கள் பலவற்றுக்கும் அடித்தளம். ஓர் அணி எவ்வளவு பலமாகத் தாக்கும், எவ்வளவு பலமாகத் தடுக்கும் என்பதை எண்ணாக்கி, கோல்கள் விழும் வாய்ப்பைக் கணக்கிடும் முறை அது. இதைப் பழித்துப் பேச எனக்கு விருப்பமில்லை. மிக நேர்மையான கணக்கு அது, எங்களுக்கு ஓர் உண்மையையும் சொல்கிறது. ஒரு தாளும் கணிப்பானும் இருந்தால் நீங்களே போட்டுப் பார்க்கலாம். சராசரியாக 1.8 கோல் போடக்கூடிய பலமான அணியும், 0.8 கோல் போடக்கூடிய நோஞ்சான் அணியும் மோதுகின்றன என்று வையுங்கள். இரட்டிப்புக்கும் மேலான பலம். இந்தக் கணக்கின்படி 100 ஆட்டத்தில் பலமான அணி வெல்வது 61. சமநிலை 23. மிச்சம் 16 ஆட்டத்தில் நோஞ்சான் வெல்வான். சரியான கோல்கணக்கைச் சொல்வதென்றால் நிலைமை இன்னும் இறுக்கம். இருக்கிற முடிவுகளில் மிகக் கூடிய வாய்ப்புள்ளது 1-0. அதுவும் 100க்கு 13 தடவைதான் வரும். எவ்வளவு திறமான கணிதக்காரரும் இதில் 87 தடவை பிழைக்கவே செய்வார்.

கூடைப்பந்தில் எண்பது, நூறு புள்ளிகள் விழும். அங்கே பலவான் கடைசியில் மேலே வந்துவிடுவான். உதைபந்தாட்டத்தில் ஒன்றரை மணித்தியாலத்துக்கு இரண்டு, மூன்று கோல். ஒரு வழுக்கல், ஒரு காற்று, நடுவரின் ஓர் ஊதல் போதும். கோல் அரிதாக விழுவதால்தான் சின்ன ஊருக்கு இந்த விளையாட்டில் இடம் இருக்கிறது. அந்த 16 எங்களுடையது. உருகுவேயின் 16 அது. 1911இல் கல்கத்தாவில் வெறுங்காலோடு பெரும்பாலானோர் இறங்கி, கிழக்கு யோர்க்சயர் படைப்பிரிவை 2-1 என்று வென்ற மோகன் பாகானின் 16 அது. நகரத்து அணியோடு மோதப் பண்ணைப் பாலத்தால் பஸ் ஏறிப் போகும் ஒவ்வொரு தீவக அணியும் அந்தப் 16ஐ மடியில் கட்டிக்கொண்டுதான் போகிறது.

பண்ணைப் பாலத்தால் திரும்பி வரும்போது இருபக்கமும் பாருங்கள். ஆழமில்லாத கடலில் தடிகளை நட்டு வலை கட்டியிருப்பார்கள். சிறகுவலை. நீரோட்டத்தோடு வரும் மீன் குறுக்கே கட்டிய வேலியைக் கண்டு அதன் வழியே நீந்தும். தான் விரும்பிய பக்கம் போவதாகத்தான் அது எண்ணும். வேலி அதை ஒரு கூட்டுக்குள் கொண்டுபோய் விடும். உள்ளே வந்ததற்கு வெளியே போக வழி இல்லை.

மலாய்க்காரருக்கும் இதே தொழில் உண்டு. கடலில் தடி நட்டுக் கட்டும் அந்தப் பொறிக்கு அவர்கள் இட்ட பெயர் கேலோங். சிங்கப்பூரில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் ஏறியிருக்கிறது. முன்கூட்டியே முடிவு பேசி விற்கப்பட்ட ஆட்டத்தை அங்கே கேலோங் என்பார்கள். மைதானத்தில் இருபத்திரண்டு பேர் ஓடுகிறார்கள், ஆனால் வேலி முன்னரே நட்டாயிற்று.

இந்தத் தொழிலில் உலகம் முழுவதும் பேரெடுத்தவர் ஒரு தமிழர் என்பதை எழுத மனம் கூசுகிறது, ஆனால் எழுதாமல் விட முடியாது. சிங்கப்பூரில் பிறந்த வில்சன் ராஜ் பெருமாள் ஆசியா, ஆபிரிக்கா, ஐரோப்பா என்று ஆட்டக்காரர்களையும் நடுவர்களையும் விலைக்கு வாங்கினார். 2010 செப்டெம்பரில் பஹ்ரெய்ன் தேசிய அணி டோகோ நாட்டு அணியை 3-0 என்று வென்றது. பிறகு டோகோ சொன்னது, நாங்கள் அணியே அனுப்பவில்லை என்று. வந்திறங்கி, வரிசையில் நின்று, விளையாடித் தோற்றவர்கள் எல்லோரும் போலிகள். 2011 பெப்ரவரியில் பின்லாந்தின் வடக்கேயுள்ள ரொவானியெமியில் பெருமாள் பிடிபட்டார். அந்த யூலையில் லாப்லாந்து நீதிமன்றம் இரண்டு ஆண்டுச் சிறை விதித்தது. 2014இல் வந்த அவருடைய சுயசரிதையின் பெயரிலேயே கேலோங் என்ற சொல் இருக்கிறது.

அவர் தேடிப் போனது பெரிய அணிகளையா என்றால், இல்லை. சம்பளம் மாதக்கணக்கில் நிலுவையில் நிற்கும் சின்ன நாட்டு அணிகளை, பனி மூடிய ஊரில் விளையாடும் ஏழை ஆபிரிக்க ஆட்டக்காரர்களை, யாரும் பார்க்காத சிநேகபூர்வ ஆட்டங்களை அவர் தேடிப் போனார். பந்தயச் சந்தைக்கு ஆட்டம் எங்கே நடக்கிறது என்பது முக்கியமில்லை, பணம் எந்தப் பக்கம் கட்டப்படுகிறது என்பதுதான் முக்கியம். ரொவானியெமியில் ஒரு பின்களக்காரன் காலை இழுத்தால் ஆசியாவில் ஒருவன் பணக்காரனாவான். அந்த 100இல் 16ஐத் திருடியவர்கள் இவர்கள். இப்போது ஒரு நோஞ்சான் அணி வென்றால் நாங்கள் கைதட்ட முன்னர் ஒரு கணம் சந்தேகப்படுகிறோம். என்னைப் பொறுத்தவரை இந்தத் தொழில் செய்த மிகப் பெரிய கேடு அந்த ஒரு கணம்தான்.

இலங்கை 2019இல் இதற்கென்றே ஒரு சட்டம் செய்தது. விளையாட்டு தொடர்பான தவறுகளைத் தடுக்கும் 24ஆம் இலக்கச் சட்டம். ஆட்டத்தை விற்றவருக்குப் பத்து ஆண்டு வரை சிறை. தெற்காசியாவில் இப்படி ஒரு சட்டம் அதுவே முதல். கிரிக்கெட்டை மனதில் வைத்துத்தான் செய்தார்கள், ஆனால் எல்லா விளையாட்டுக்கும் அது பொருந்தும். நல்ல சட்டம்.

அதே 2019இல் எங்கள் நாட்டு அணிக்கு நடந்ததையும் இங்கே சொல்லவேண்டும். உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றின் முதல் ஆட்டத்தில் மக்காவோவிடம் இலங்கை 0-1 என்று தோற்றது. கொழும்பில் அடுத்த ஆட்டம். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பு. மக்காவோ சங்கம் அணியை அனுப்ப மறுத்தது. அவர்களின் ஆட்டக்காரர்களே வந்து விளையாடத் தயார் என்று மன்றாடியும் பலிக்கவில்லை. பீபா 3-0 என்று இலங்கைக்கு வெற்றி கொடுத்தது. அந்த 3-0ஐ எந்தக் கணக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கும்? 2023 ஜனவரி 21ஆம் திகதி பீபா இலங்கைச் சம்மேளனத்தையே இடைநிறுத்தியது. ஓகஸ்ட் இறுதி வரை ஏழு மாதம் எங்கள் நாட்டுக்குச் சர்வதேச ஆட்டமே இல்லை. ஆட்டக்காரர்களின் இளமையில் ஏழு மாதம் அலுவலக அறைகளில் கழிந்தது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021இல் நாட்டின் முதலாவது தொழில்முறைத் தொடர் என்று சுப்பர் லீக் தொடங்கியது. பத்துக் கழகங்கள். களுத்துறை புளூ ஸ்டார் சம்பியன். பத்தில் வடக்கிலிருந்து ஒன்றும் இல்லை, கிழக்கிலிருந்தும் ஒன்றும் இல்லை. குருநகர், நாவாந்துறை, பாசையூர், இளவாலை, மன்னார் என்று உதைபந்தாட்டத்தை மூச்சாகக் கொண்ட கரையோரம் முழுவதும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றது. மன்னாரின் டக்சன் பியூஸ்லஸ் போன்றவர்கள் தேசிய அணிக்குப் போனார்கள் என்றால், ஊரை விட்டுக் கொழும்புக் கழகங்களில் சேர்ந்த பிறகுதான் போனார்கள். டக்சன் மாலைதீவுக் கழகம் ஒன்றுக்கு விளையாடப் போன இடத்தில் 2022 பெப்ரவரியில் இறந்துபோனார். வடக்கின் பொடியன் ஒருவன் தொழில்முறை ஆட்டக்காரனாக வருவானா என்று என்னை யாராவது கேட்டால், நான் அவன் காலைப் பார்க்க முன்னர் அவனுடைய ஊரிலிருந்து கொழும்புக்கு எத்தனை மணித்தியாலப் பயணம் என்றுதான் பார்ப்பேன். இப்படி ஒரு கணிப்பு சரிவருவது எங்கள் எல்லோருக்கும் வெட்கம்.

1990இல் போர் தீவுக்குள் வந்தபோது நாரந்தனை, கரம்பன், சரவணை, புளியங்கூடல் என்று ஊர்கள் வெறுமையாகின. கோல்கம்பங்கள் நின்றன, விளையாட ஆள் இல்லை. மைதானங்களில் நாகதாளி ஏறியது. போனவர்கள் பாரிசிலும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் ஊர்ப் பெயரில் கழகம் அமைத்து, கோடை விடுமுறையில் ஊருக்கு ஊர் மோதினார்கள். பனியில் வேலைக்குப் போய் வந்து, சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார்கள். 1990இல் பண்ணை வழியாகவும் படகிலும் வெளியேறிய ஒரு சனக்கூட்டத்தைப் பார்த்து, இவர்களின் இனத்தில் ஒரு பிள்ளை இங்கிலாந்தின் தொழில்முறை ஆட்டத்தில் இறங்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நாங்கள் அவரைக் கோபத்தோடு பார்த்திருப்போம். வேல்ஸ் நாட்டில் ஈழத்தமிழ்க் குடும்பமொன்றில் 2006இல் பிறந்த விமல் யோகநாதன் 2024 ஓகஸ்டில் பார்ன்ஸ்லி அணிக்காக லீக் கிண்ண ஆட்டத்தில் இறங்கினார். இங்கிலாந்தில் தொழில்முறை உதைபந்தாட்டம் விளையாடிய முதல் தமிழர் என்று பத்திரிகைகள் எழுதின. சுவீடனில் பிறந்த ஆதவன் ராஜமோகன் இலங்கைத் தேசிய அணியின் நடுக்களத்தில் விளையாடுகிறார். 2024 செப்டெம்பரில் அந்த அணி கம்போடியாவை அவர்களின் மண்ணிலேயே சமநிலை தவிர்ப்பு உதைகளில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றுக்குப் போனது. தரவரிசைப் பட்டியலில் இருநூறுக்கு அங்கிட்டும் இங்கிட்டுமாகக் கிடக்கும் ஓர் அணி.

இப்போது நான் எழுத வந்த விடயத்துக்கு வருகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு பொடியன். நல்ல இடதுகால். கடலுக்குப் போகிறவன். படகுக்குப் புது எஞ்சின் வாங்கப் பிரான்சில் இருக்கும் தமையன் காசு அனுப்பினான். அந்தக் காசு ஆறு கிழமையில் கைத்தொலைபேசியில் இருந்த பந்தயச் செயலிக்குள் போய்விட்டது. இரவு இரண்டு மணிக்கு, உலகப்படத்தில் தொட்டுக்காட்டத் தெரியாத ஒரு நாட்டின் இரண்டாந்தர அணிகள் மோதும் ஆட்டத்தில், அடுத்த பத்து நிமிடத்துக்குள் மூலை உதை கிடைக்குமா என்று அவன் பந்தயம் கட்டியிருக்கிறான். ஆட்டத்தைக்கூட அவன் பார்க்கவில்லை. திரையில் எண்கள் மாறுவதை மட்டும் பார்த்திருக்கிறான். "முதல் நாள் வெண்டனான் அண்ணை" என்றான். முதல் நாள் வெல்லாவிட்டால் இரண்டாம் நாள் யார் வருவார்? சிறகுவலையின் வாய் எப்போதும் அகலம்.

அவனிடம் நான் கேட்டேன், அந்த அணியின் கோல்காப்பாளர் பெயர் தெரியுமா என்று. தெரியாது. அங்கே மழையா வெய்யிலா? தெரியாது. யாராவது இரவு வேலைக்குப் போய்வந்து விளையாடுகிறானா? அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் அவனைக் குத்திக்காட்டக் கேட்கவில்லை. எங்கள் அப்புவின் பனங்குற்றிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து வளர்ந்த பிள்ளை அவன். ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவன். அந்தப் படிப்பை முழுவதுமாகக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்று அந்தச் செயலி கேட்டது, அவன் கழற்றி வைத்துவிட்டான். டிக்சனும் கோல்சும் எழுதிய கணக்கை நூறு மடங்கு பெருக்கி வைத்திருக்கும் நிறுவனத்தோடு, இரவு இரண்டு மணிக்கு, நித்திரைக் கண்ணோடு தனியே மோதினான். அந்த ஆட்டத்தில் அவனுக்கு 16கூட இல்லை. தன் பங்கை முன்னரே எடுத்து வைத்துக்கொண்டுதான் அந்த நிறுவனம் விலை போடுகிறது. நெடுநாள் கட்டுகிறவன் நெடுநாள் தோற்பான்.

உலகம் விழித்துக்கொண்டுதான் வருகிறது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கழகங்கள், ஆட்டச் சட்டையின் முன்பக்கத்தில் சூதாட்ட நிறுவனங்களின் பெயரை 2025-26 பருவத்தோடு நிறுத்த 2023 ஏப்ரலில் இணங்கின. இந்தியா 2025 ஓகஸ்டில் காசு கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. இலங்கையும் 2025இல் சூதாட்டத்தை ஒழுங்குபடுத்த ஓர் அதிகாரசபையை அமைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு முன்னர் எங்களிடம் இருந்தவற்றுள் ஒன்று 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச் சட்டம். ஆனால் கொழும்பில் அமைக்கும் அதிகாரசபை இரவு இரண்டு மணிக்கு நாரந்தனையில் ஒரு பாயில் படுத்திருக்கும் பிள்ளையின் கைத்தொலைபேசி வரை வந்து சேர எத்தனை ஆண்டு எடுக்குமோ, எங்களுக்கு அவ்வளவு நேரம் இல்லை.

ஆகவே ஊர்க் கழகங்களிடம் இதைக் கேட்கிறேன். பந்தயச் செயலியின் பெயர் பொறித்த சட்டையோ, கிண்ணமோ, பதாகையோ யார் கொண்டுவந்து தந்தாலும் வாங்க வேண்டாம். காசு இல்லாவிட்டால் பழைய சட்டையோடு விளையாடலாம். வெளிநாட்டிலிருந்து மின்னொளிக்கும் பரிசுக்கும் அனுப்பும் உறவுகளிடமும் ஒன்று கேட்கிறேன். கிண்ணத்தின் உயரத்தைக் கூட்ட வேண்டாம். இரவு கடலுக்குப் போகாமல் நிற்கும் ஆட்டக்காரனுக்கு அந்த ஒருநாள் உழைப்பைக் கொடுங்கள். வேறு எந்தப் பரிசும் ஆட்டத்தை இவ்வளவு திருத்தாது. பெற்றோரிடம் கேட்பது, எஞ்சின் காசைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் நேரே கடைக்குக் கட்டுங்கள். பந்தயத்தில் தோற்று ஒளிந்து திரியும் பிள்ளையை ஏசாமல் மைதானத்துக்குக் கூட்டி வாருங்கள்.

அந்தப் பொடியன் இப்போது திரும்ப விளையாடுகிறான். ஞாயிற்றுக்கிழமை இறுதியாட்டம். நாலு மணிக்குத் தொடங்கும். சோளகம் இன்னும் தணியவில்லை. யார் வெல்வார்கள் என்று கேட்டால் நான் சொல்வேன்: முதல் பாதியில் காற்றை எடுக்கும் அணி இடைவேளைக்குள் இரண்டு கோல் போடாவிட்டால், மற்ற அணிதான். வந்து பாருங்கள். பிழைத்துப்போனால் திங்கட்கிழமை பின்னேரம் பனங்குற்றியடியில் இருப்பேன், எந்த இடத்தில் பிழைத்தது என்று சேர்ந்து கதைப்போம்.